ஒரு அடி முன்னால்

இரண்டாம் பாதிக்கு விசில் ஊதினபோதே ததேயுவுக்கு விளங்கிவிட்டது, ஊர் மொத்தமும் சேர்ந்து இன்றைக்கு ஒருத்தனைக் கோல் அடிக்க வைக்காமல் விடப்போவதில்லை என்று. குருசுத்துறையின் ஸ்டார் அணி ஏற்கெனவே இரண்டு கோல் முன்னால் நிற்கிறது. கோப்பை குருசுத்துறைக்குத்தான் என்று வெள்ளாந்துறைக்காரர்களே முடிவு கட்டி, பாதிப் பேர் இடைவேளையிலேயே வேனில் ஏறி உட்கார்ந்தாயிற்று. ஆனாலும் மைதானத்தைச் சுற்றி நிற்கிற குருசுத்துறைக்காரன் ஒருத்தன்கூட அசையவில்லை. கோயில் மதில்மேல், ஐஸ் பிளாண்ட் கூரைமேல், கரையில் ஏற்றிப்போட்ட வள்ளங்களின்மேல் என்று எங்கு பார்த்தாலும் தலை. பதினெட்டு வருசமாகப் பின்வரிசையில் நின்று பந்தைத் தடுப்பதைத் தவிர வேறொன்றும் செய்தறியாத வின்சிலாஸை, ஸ்டாப்பர் வின்சிலாஸை, இந்தப் பாதியில் முன்வரிசைக்குத் தள்ளியிருக்கிறார்கள். சிவப்புக் கொடியோடு பக்கக் கோட்டில் நிற்கிற லைன்மேன் ததேயுவுக்கு முன்னால்தான், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், அவன் வந்து நிற்கிறான், கல்யாண வீட்டில் தப்பான பந்தியில் உட்கார்ந்துவிட்டவன் மாதிரி. ‘வின்சு, ஒண்ணே ஒண்ணு மக்கா, ஒண்ணே ஒண்ணு!’ என்று மதில்மேலிருந்து ஒருத்தன் கத்த, ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. ஒண்ணே ஒண்ணு. அந்த ஒண்ணு விழுந்தால் வின்சிலாஸ் ஊரில் நிற்பான். விழாவிட்டால் வெள்ளிக்கிழமை விமானம் ஏறி வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போவான். அவன் போகவேண்டும் என்று இந்தக் கூட்டத்தில் நினைக்கிற ஒரே ஆள் கையில் கொடியோடு நிற்கிறான் என்பது கூட்டத்துக்குத் தெரியாது. தெரியாதா? கடற்கரையில் எது யாருக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. தெரிந்தும் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை, அவ்வளவுதான். கொடி ததேயுவைப் பற்றி அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் பொறுக்க முடியாமல் இருந்தது.

விளையாட்டுப் பேச்சில் வந்த வினை இது. அரையிறுதி முடிந்த அன்று டீக்கடையில் வைத்து, மூன்று மீன்பிடிப் போட்டுக்குச் சொந்தக்காரரும் ரசிகர் மன்றத் தலைவருமான கிளீட்டஸ் வின்சிலாஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நிஜமாகவே கண்ணீர் விட்டு அழுதார். ‘நீ போனா இந்த ஊருக்கு என்னடே இருக்கு? மீன் இருக்கா? கடல் அடிச்சுட்டுப் போற கரைக்கு சர்க்காருகாரன் கல்லடுக்கி ஒரு தூண்டில் வளைவு போட்டுத் தந்தானா? ஒண்ணும் கெடையாது. நீ ஒருத்தன்தான் உண்டு.’ கூட இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தன் சட்டையை அவிழ்த்து, நெஞ்சில் பச்சை குத்தியிருந்த வின்சிலாஸின் ஐந்தாம் நம்பரைக் காட்டினான். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவன் வின்சிலாஸ். ஆட்டத்தில் எமன், வெளியே பச்சப்பிள்ளை. தப்பித்தால் போதும் என்று, ‘செரி, கடைசி ஆட்டத்துல நான் ஒரு கோல் போட்டேன்னா போவல்ல, போதுமா?’ என்றான். கடை குலுங்கச் சிரித்தார்கள். ஏனென்றால் வின்சிலாஸ் ஸ்டாருக்காக ஒரு கோல்கூடப் போட்டதில்லை. அவன் போட்ட ஒரே கோல் சொந்த வலைக்குள், திருவிழா ஆட்டத்தில், ஆயர் மேடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க. சிரித்து முடித்ததும் கிளீட்டஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘அப்ப வா குருசடிக்கு’ என்றார். கரையோரக் குருசடியில் கல் சிலுவைமேல் கை வைத்துச் சொன்ன சொல்லை இந்த ஊரில் யாரும் திரும்ப எடுப்பதில்லை. வலை களவுபோன வழக்கானாலும், புருசன் பெண்டாட்டி சண்டையானாலும், அங்கே தீர்ந்தால் தீர்ந்ததுதான். கூத்தாகத் தொடங்கியது சத்தியமாக முடிந்தது. என்ன அன்பு, என்று ததேயு கோட்டோரமாக நகர்ந்துகொண்டே நினைத்தான், என்ன மாதிரியான அன்பு இது. வின்சிலாஸ் வீட்டு ஓட்டில் மழை ஒழுகுகிறதா என்று ஒருத்தன் நிமிர்ந்து பார்த்ததில்லை. முட்டில் ஆப்பரேசன் பண்ணணும் என்று டாக்டர் சொன்னபோது, ‘இந்த சீசன் ஒண்ணு முடியட்டும் மக்களே’ என்றார்கள். அதற்கப்புறம் எத்தனை சீசன். இப்போது மைதான வாசலில் பனை உயரத்துக்குப் பிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். நெஞ்சில் கை வைத்த வின்சிலாஸ், பின்னால் கடல், தலைக்கு மேல் வெள்ளைப் புறா, அடியில் ‘எங்கள் கோட்டைச் சுவரே, எங்களை விட்டுப் போகாதே.’ சுவருக்குப் பசிக்குமா. சுவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள் இருக்குமா. இத்தனை வருசம் ஒரே இடத்தில் நின்றபோது யாருக்கும் அதைப் பற்றி யோசனை வரவில்லை, சுவர் நகரப் பார்க்கிறது என்றதும் ஊருக்கே அழுகை வந்துவிட்டது.

பந்து மைதானத்தின் மறுபாதியிலேயே கிடந்து உழன்றது. ததேயு கண்ணைச் சுருக்கிக்கொண்டான். வெயில் கடலுக்கு மேலே ஒரு முழத்தில் நின்று நேராக முகத்தில் அடித்தது. கோயில் மதில் முதுகுக்குப் பின்னால், கடல் முன்னால். சாயங்கால ஆட்டத்தில் இந்தப் பக்கம் கொடி பிடிக்க யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், கண் கூசும். அதனால்தான் இது எப்போதும் அவனுக்கே வந்து சேரும். பந்தைப் பார்க்கிறவனுக்குத்தானே கூசும் என்று சொல்வான், நான் பந்தைப் பார்க்கிறதில்லையே. பந்தைப் பார்க்கிறவன் ரசிகன். லைன்மேன் பார்க்கவேண்டியது காலை. பந்தை ஒருத்தன் உதைக்கிற சத்தம், அந்த ‘டப்’, காதில் விழுகிற நொடியில், பந்து வாங்கப்போகிறவன் எதிராளியின் கடைசித் தடுப்புக்காரனைத் தாண்டி முன்னால் நிற்கிறானா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. நின்றால் ஆஃப்சைடு, கொடி மேலே. கண் காலில், காது பந்தில். யாரும் சொல்லித் தந்ததில்லை, தானே நின்று நின்று படித்தது. இந்தக் கரையில் ரெஃபரி வெளியூரிலிருந்து வருவார், லைன்மேன் ஊருக்கு ஒருத்தர். ஊர்க்கொடி ஊருக்குத்தான் சாயும் என்பது எல்லாத் துறைக்கும் தெரிந்த சங்கதி. ததேயு கொடி மட்டும் சாயாது. வெள்ளாந்துறைக்காரர்களே கேட்டு வாங்கித்தான் இன்றைக்கு அவனை இந்தப் பக்கம் நிறுத்தியிருக்கிறார்கள். சொந்த மகன் போட்ட கோலுக்குக் கொடி தூக்கினவன் இல்லையா. ரெஜின் அப்போது மீசை முளைக்காத பையன், ஸ்டாருக்கு முதல் ஆட்டம், பந்து வலையில் விழுந்ததும் ஜெர்சியைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடினவன் திரும்பிப் பார்த்தால் அப்பன் கையில் கொடி நட்டுக்கொண்டு நிற்கிறது. ராத்திரி சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தான். விடிந்தபிறகு பல் தேய்த்துக்கொண்டே கேட்டான், ‘அப்பா, நெசமாட்டும் நான் வெளியவா நின்னேன்?’ ‘ஆமா மக்கா. ஒரு அடி.’ ‘செரி, நீங்க சொன்னா செரி’ என்று வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு இட்லி கேட்டான். அவ்வளவுதான். அவன் அம்மா டெல்பின்தான் ஒரு வாரம் புருசனோடு பேசவில்லை.

ரெஜின் கோட்டைத் தாண்டிவிட்டான் என்றுதான் சொன்னார்கள். வளைகுடாவில் அர்பாபின் போட்டில் மீன்பிடிக்கப் போன, ரெஜினோடு சேர்த்து நாலு பேரும் போட்டோடு அக்கரை நாட்டுக்காரன் பிடியில், கடல் எல்லைக்கோட்டைத் தாண்டினார்களாம். முதலாளிக்கு அங்கே அர்பாப் என்று பெயர், அவர் போனை எடுப்பதில்லை. கடலில் ஏது கோடு. சுண்ணாம்பு போட்டிருக்கிறதா. எந்த லைன்மேன் அங்கே நின்று காலைப் பார்த்தான், எவன் கொடி தூக்கினான். மீன் போகிற பக்கம் வலை போகும், வலை இழுக்கிற பக்கம் போட்டு போகும், நீரோட்டம் ஒரு அடி முன்னால் தள்ளியிருக்கும், அல்லது ஒரு மைல், அல்லது தள்ளியே இருக்காது. அங்கே நாடுகளுக்குள் சண்டை தொடங்காத காலமாக இருந்தால் விரட்டி விட்டிருப்பான், ரெண்டு அடி கொடுத்து, வலையை அறுத்துவிட்டு. சண்டை வந்தபிறகு கோடு தடித்துவிட்டது. டீக்கடை டிவியில் கடலை நீலமாக வரைந்து, அதன்மேல் சிவப்பு அம்புக்குறி இங்கேயிருந்து அங்கே, அங்கேயிருந்து இங்கே. ஹோர்முஸ் என்று ஒரு ஒடுக்கமான வாய், அதில் எவன் கப்பல் எவனை மறிக்கிறது என்று கிளீட்டஸ் பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டே விளக்குவார். ‘இவன் ஒண்ணு போட்டா அவன் ரெண்டு போடுவான் பாத்துக்கிடு. பெரியண்ணன் எறங்கினான்னா கதை முடிஞ்சு.’ ஆட்டம் பார்க்கிற அதே முகம், அதே சத்தம். போட்டில் பிடிபட்ட நாலு பேர் அந்தப் படத்தில் எங்கே இருக்கிறார்கள் என்று ததேயு டிவிக்குக் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறான். புள்ளிகூடக் கிடையாது. டெல்லியில் ஒரு மந்திரி கவலை தெரிவித்தார். சென்னையில் ஒருவர் அந்தக் கவலையைக் கண்டித்தார். பங்குத்தந்தை மெழுகுதிரி ஊர்வலத்துக்கு அறிக்கை வாசித்தார். அன்றைக்கென்று அரையிறுதி, ஆட்டம் தொடங்குமுன் முடித்துவிடலாம் ஃபாதர் என்று பிள்ளைகள் கேட்க, நல்ல வெயிலில் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு நடந்தார்கள். சுடர் யாருக்கும் தெரியவில்லை. மைதான முக்கு வந்ததும் ஊதி அணைத்துவிட்டு ஓடினார்கள். பெண்கள் நாலைந்து பேரும் ஃபாதரும் டெல்பினும் மட்டும் குருசடி வரைக்கும் போனார்கள். ததேயு? ததேயுவும் ஓடினான். அன்றைக்கும் அவனுக்குத்தான் கொடி. யாராவது கொடி பிடிக்கவேண்டும் அல்லவா.

விசில். என்னது, பெனால்டியா? ஸ்டாரின் முன்னாட்டக்காரன் ஒருத்தன், காற்றுப் பட்டாலே விழுகிற ஆள், பெட்டிக்குள் உருண்டுகொண்டு கிடந்தான். வெளியூர் ரெஃபரிக்கும் இந்த ஊரை விட்டு முழு உடம்போடு போகவேண்டும், புள்ளியைக் காட்டிவிட்டார். ஊர் எழுந்து நின்றது. ‘வின்சு! வின்சு! வின்சு!’ பந்தை யார் கையிலிருந்தோ வாங்கி வின்சிலாஸ் கையில் திணித்தார்கள். ததேயு கொடியைக் கம்போடு சுருட்டிக்கொண்டான். பெனால்டிக்குக் கொடி கிடையாது. இதில் அவனுக்கு ஒரு வேலையும் கிடையாது, வெறுமனே நிற்கலாம், வெறுமனே வேண்டிக்கொள்ளலாம். மாதாவே, வெளியே போகட்டும். சொல்லி முடிக்குமுன் நாக்கு கசந்தது. ஸ்டார் பந்து வெளியே போகவேண்டும் என்று வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு ஜெபம். வின்சிலாஸ் பந்தை வைத்தான், பின்னால் போனான், சிலுவை போட்டான். ஓடிவந்து உதைத்தான். பந்து கம்பத்துக்கு மேலே, வலைக்கு மேலே, வள்ளங்களுக்கும் மேலே ஏறி, பக்கவாட்டில் வளைந்து போய்க் கடலில் விழுந்தது. மைக்கில் வர்ணனை சொல்கிற சூசைக்குக் கேட்கவேண்டுமா, ‘அன்பான ரசிகப் பெருமக்களே, நம்ம வின்சு அடிச்ச பந்து சர்வதேசக் கடல் எல்லையத் தாண்டிட்டு! பக்கத்து நாட்டுக்காரன் புடிச்சு உள்ள வச்சான்னா நாங்க பொறுப்பு இல்ல!’ ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. ஒருத்தனுக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. சிரிப்போடு சிரிப்பாகக் கைதட்டல், வின்சு அடிச்சா அப்படித்தான்டே அடிப்பான் என்று. ததேயு மட்டும் நின்ற காலைப் பார்த்திருந்தான். உதைத்த கால் இல்லை, ஊன்றின கால். உடம்பு பின்னால் சாய்ந்திருந்தது. முட்டு வலிக்காரன் அப்படித்தான் சாய்வான். வேண்டுமென்றே விட நினைக்கிறவனும் அப்படித்தான் சாய்வான். எது? அவன் போகத்தான் நினைக்கிறானா? கரையில் வைத்து அன்றைக்குச் சொன்னது மனசறிந்து சொன்னதா, அல்லது ததேயுவிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாமல் சொன்னதா?

‘அண்ணே, எனக்கும் அதே அர்பாபுக்க போட்டுலதான் விசா’ என்று அன்றைக்கு வின்சிலாஸ் வலைக்குவியலில் உட்கார்ந்துகொண்டு சொன்னான். ‘அங்க போயிட்டேன்னா நான் விடமாட்டேன். ஜெயில் ஜெயிலா ஏறிப் பாப்பேன். அர்பாபுக்க வாசல்ல போயி படுப்பேன். ரெஜினக் கண்டு ஒரு வார்த்த பேசாம நான் வலையத் தொடமாட்டேன், பாத்துக்கிடுங்க.’ ஊரில் வேறு யாரும் ரெஜின் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டிருந்த நேரம். பெயரைக் கேட்டதுமே ததேயுவும் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். அந்தக் கடலுக்குள் இப்போது யாராவது போவார்களா, போனவர்களே எப்படி வருவது என்று முழிக்கிறார்கள், போவாத மக்கா, என்று வாய் வரைக்கும் வந்தது. வரத்தான் செய்தது. வெளியே வந்தது வேறு. ‘நல்லா இரு மக்களே’ என்றான். இன்றைக்குக் காலையில் பூசை முடிந்து வரும்போது வின்சிலாஸின் மனைவி ஷைனி கோயில் படியில் நின்றாள், சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு. ‘அண்ணே, நீங்க ஒரு வார்த்த போவாதன்னு சொல்லுங்க. ஊர் சொன்னா அவரு சிரிச்சுட்டுப் போவாரு. நீங்க சொன்னா கேப்பாரு.’ ‘பாப்பம்’ என்றான். ‘என்ன பாப்பம்? அங்க மறுபடி மீன்பிடிக்க போட்டு எறக்க ஆரம்பிச்சாச்சாம், மேல சண்டை பிளேன் பறக்குதாம். உங்களுக்குத் தெரியாததா?’ அவள் கண்ணைப் பார்க்காமல், பிள்ளையின் காலில் தொங்கின செருப்பைச் சரியாக மாட்டிவிட்டான். இப்போது அவள் மதிலோரம் பெண்கள் கூட்டத்தில் நிற்கிறாள். முதுகில் அவள் பார்வை வெயில் மாதிரியே சுட்டது. முன்னால் ஒரு வெயில், பின்னால் ஒரு வெயில். ஒரு பக்கம் என் பிள்ளை, ஒரு பக்கம் அவள் பிள்ளைகள், நடுவில் ஒரு சுண்ணாம்புக் கோடு. இதுகூட ஒழுங்காக நிறைவேறுமா என்று என்ன நிச்சயம்? அவன் போய், அவனையும் பிடித்து உள்ளே வைத்து, அவனைத் தேடுவதற்கு இன்னொருத்தன் போய். ஒரு ஆளை இறக்கி ஒரு ஆளை ஏற்றுகிற ஆட்டமா இது. ரெஜினின் கடைசி போன் நினைவுக்கு வந்தது, வேண்டாம் என்று தள்ளினால் அதுதான் முதலில் வரும். எஞ்சின் இரைச்சலுக்கு நடுவில் கத்தினான், ‘அப்பா, ஸ்டார் ஜெயிச்சா?’ ஜெயித்தது என்று சொல்லி, எப்படி ஜெயித்தது என்று சொல்லி, கடைசி நிமிசத்தில் வின்சிலாஸ் கை தூக்கினதும் தான் கொடி தூக்கினதும் எல்லாம் விஸ்தாரமாகச் சொல்லி முடித்தபோது லைன் அறுந்துவிட்டது. நீ எங்கே நிற்கிறாய் மக்கா என்று கேட்கவில்லை.

வின்சிலாஸின் வலது கை. அதை அறியாதவர்கள் இந்தக் கரையில் யாரும் இல்லை. எதிராளி பந்தை உதைக்கிற நேரத்துக்கு ஒரு இமைப்பு முன்னால் தன் வரிசையை முன்னே இழுத்துக்கொண்டு, எதிராளியை வெளியே விட்டுவிட்டு, வலது கையை நெட்டுக்குத்தாகத் தூக்குவான். ‘ஆஃப்!’ இந்தப் பக்கம் கொடி ஏறும். பதினெட்டு வருசமாக அவன் கையும் இவன் கொடியும் சேர்ந்து ஏறுகிறதைப் பார்த்துவிட்டு, ரெண்டு பேரும் ஒரே கயிறு என்று வெளியூர்க்காரன் குசுகுசுப்பான். பொய். ஒருநாள்கூட அந்தக் கையைப் பார்த்து ததேயு கொடி தூக்கினதில்லை. காலைப் பார்த்துத்தான் தூக்கினான். கை தூக்கி இவன் தூக்காத நாளும் உண்டு. அப்போது வின்சிலாஸ் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொள்வான், செரிதான் என்று. முதல் பாதியில் அதெல்லாம் கடைசித் தடவையாக நடந்தது. கை ஏறியது, கொடி ஏறியது. இனி அந்தக் கை எங்கே போனாலும் இந்தக் கோட்டுக்கு வராது. வெள்ளாந்துறைக்குக் கோல் காக்கிற பொடியன் கோலி பெனிட்டன், ததேயுவின் ஒன்றுவிட்ட தங்கை மகன், இன்னொரு கோல் விழாமல் இருந்தால் போதும் என்று பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சும்மா நேரத்தைக் கடத்தினான். மைக்கில் சூசை, இன்னும் கொஞ்ச நேரம்தான் பாக்கி என்றான். ஊரின் சத்தம் மாறிவிட்டது. கெஞ்சல் போய்விட்டது, இப்போது ஒரே இரைச்சல், கடல் திரும்புகிற நேரத்து இரைச்சல். முடியட்டும், என்று ததேயுவின் மூச்சு சொல்லிக்கொண்டது, முடிந்துவிடட்டும், என் கைக்கு ஒன்றும் வராமல் முடிந்துவிடட்டும்.

அப்போதுதான் அந்த ஃப்ரீகிக் வந்தது. வலது பக்கம், பெட்டிக்கு வெளியே, எவனோ எவனையோ இடறிவிட்டான். கிளீட்டஸ் கோட்டுக்கு உள்ளேயே வந்துவிட்டார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. ‘வின்சுக்க தலைக்குப் போடுடே! தலைக்கு!’ ததேயு கடைசித் தடுப்புக்காரனோடு வரிசை பிடித்து நின்றான். கண் காலில், காது பந்தில். வெள்ளாந்துறைக் கால்கள், ஸ்டார் கால்கள், ஒரு பச்சை பூட்ஸ், ஒரு கிழிந்த வெள்ளை பூட்ஸ். கிழிந்த வெள்ளை வின்சிலாஸுடையது, ஊர் அவனுக்கு ஒரு பூட்ஸ் வாங்கித் தரவில்லை. பக்கத்தில் பச்சை, கடைசித் தடுப்புக்காரனுடையது. இரண்டும் ஒரே நேரில் இருந்தன. இல்லை, நகர்கின்றன. அந்த நேரத்தில், எதற்கு என்று தெரியவில்லை, பழக்கமில்லாத ஒரு ஆசையில், கண் காலிலிருந்து மேலே ஏறியது. முகத்தைப் பார்த்தான். போகணுமா நிற்கணுமா என்று அந்த முகத்தில் எழுதியிருக்கும் என்று நினைத்தானோ என்னவோ. வெயிலுக்கு எதிரே அது வெறும் கறுப்பாக இருந்தது, காதுமடல் மட்டும் சிவந்து. ‘டப்.’ காதில் விழுந்தது. கண் இன்னும் முகத்தில் இருந்தது. பந்து வளைந்து வந்தது, கறுத்த தலை எழுந்தது, பந்து அதில் பட்டதா அது பந்தில் பட்டதா, வலை உப்பியது. குருசுத்துறை வெடித்தது. ததேயு பார்க்கவில்லை. காலை அவன் பார்க்கவில்லை. அந்த நொடியில் எந்தக் கால் எங்கே இருந்தது என்று அவனுக்குத் தெரியாது. இத்தனை வருசத்தில் முதல் தடவையாகத் தெரியாது. தெரியாவிட்டால் கொடி கீழேதான் இருக்கவேண்டும், அதுதான் முறை. கொடி கீழே இருந்தால் வின்சிலாஸ் ஊரில் இருப்பான், ஷைனி சிரிப்பாள், ரெஜின் அந்தப் படத்தில் இல்லாத புள்ளியாக இருப்பான். பச்சைக்கு முன்னால் வெள்ளை நகர்ந்ததா? நகர்ந்தது. நகர்ந்த மாதிரி இருந்தது. நகரவேண்டும் என்று இருந்தது. ஒரு மூச்சுதான் நேரம், ரெஃபரி இந்தப் பக்கம் திரும்புகிறார். அப்போது பார்த்தான், ஆட்கள் நடுவிலிருந்து அந்தக் கை, வின்சிலாஸின் வலது கை, நெட்டுக்குத்தாக மேலே. ஆஃப் என்கிறான். அவனே சொல்கிறான். தெரிந்தே ஒரு அடி முன்னால் வந்து நின்றிருக்கிறான், போகிறேன் அண்ணே என்கிறான், தூக்குங்க என்கிறான். ததேயு கொடியைத் தூக்கினான்.

விசில். இரைச்சல் நடுவில் வெட்டுப்பட்டது. கல் வரும், செருப்பு வரும், மகனுக்காகத் தூக்கினான் என்று ஒருத்தனாவது கத்துவான் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான். வரட்டும். வந்தால் நல்லது. ஒன்றும் வரவில்லை. கிளீட்டஸ் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு மணலில் குத்தவைத்து உட்கார்ந்தார். ‘தூக்கினது யாரு, ததேயுவா? அப்ப ஆஃப்தான். சவம், நம்ம தலவிதி.’ மைக்கில் சூசையின் குரல் உடைந்திருந்தது. ‘ரசிகப் பெருமக்களே, யாரும் உள்ள எறங்காதுங்க. நம்ம கொடி ததேயு அண்ணன் தப்பாத் தூக்க மாட்டாரு. எல்லாருக்கும் தெரியும்.’ மதில்மேல் நெஞ்சில் ஐந்து குத்தினவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஆனாலும் அவனும் தலையாட்டினான். வின்சிலாஸ் மட்டும் கோட்டை நோக்கி நடந்து வந்தான், இடது முட்டைத் தாங்கித் தாங்கி. கிட்டே வந்தபோதுதான் வெயில் விலகி முகம் தெரிந்தது. வேர்வையா கண்ணீரா தெரியவில்லை, நனைந்திருந்தது. கண் மட்டும் பளபளவென்று, பல் தேய்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளையின் கண் மாதிரி.

‘அண்ணே, நெசமாட்டும் நான் வெளியவா நின்னேன்?’

ததேயுவின் கை இன்னும் மேலே இருந்தது. இறக்கவேண்டும் என்று தோன்றவில்லை.

‘ஆமா மக்கா’ என்றான். ‘ஒரு அடி.’

‘செரி. நீங்க சொன்னா செரி.’ வின்சிலாஸ் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். கொஞ்சம் சிரிக்கவும் செய்தான், வெட்கத்தோடு. ‘எனக்கு மொதல் கோலுல்லா, சந்தோசத்துல கையத் தூக்கிட்டேன் பாத்துக்கிடுங்க. ஊரே பாத்துட்டு. நாணக்கேடு.’ இரண்டு எட்டு போனவன் திரும்பினான். ‘வெள்ளிக்கிழம காலையில வீட்டுக்கு வாறேண்ணே. ரெஜினுக்கு குடுத்துவிட வல்லதும் உண்டுமின்னா அக்காட்ட எடுத்து வைக்கச் சொல்லுங்க.’

மதிலோரத்தில் ஷைனி சின்னவளின் பாவாடையிலிருந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. தட்டி முடித்த பிறகும் தட்டிக்கொண்டே இருந்தாள்.

‘மாமா!’ கோலி பெனிட்டன் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு பெட்டிக்குள் நின்று கூப்பிட்டான். ஆஃப்சைடு நடந்த இடத்தில் வைத்துத்தான் அவன் பந்தை உதைக்கவேண்டும். ‘எங்க நின்னாரு? எங்க வைக்கட்டு?’

ததேயு கொடியை இறக்கி, பெட்டிக்கு நடுவில் நேராக நீட்டினான்.

‘இங்கயா?’

‘கொஞ்சம் முன்னால.’

‘இதா?’

‘இன்னும் ஒரு அடி’ என்றான் ததேயு. ‘ம். அங்கதான்.’

பையன் சந்தேகமே இல்லாமல் பந்தை அங்கே வைத்தான்.